அடிபட்ட கண்ணாடி

குறுக்குக் கோடுகள் சதுப்பின்மேல் ஊர்ந்துகொண்டிருக்கின்றன, ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கின்றன, செத்த புல், பனி, மறுபடி புல், அதன் நடுவே எப்போதோ செத்துப்போன அத்தான் இடுப்பில் கட்டுகிற நீலச் சாரம் ஒரு கணம் தெரிந்து மறைகிறது, நவம் துவக்கின் ஸ்கோப்பிலிருந்து, குறிபார்க்கும் கண்ணாடியிலிருந்து, கண்ணை எடுத்து இமையைத் தேய்த்துக்கொண்டான், வயது போன கண், நித்திரை காணாத கண், அது எதைத்தான் காட்டாது, இது வன்னிக் காடு இல்லை, நோர்வேயின் வடக்கு, எல்க் மான் வேட்டையின் கடைசி நாள், அவன் குந்தியிருப்பது ஒரு பைன் மரத்தடியில், மடியில் கிடக்கும் துவக்கு விடியவே கல்லில் அடிபட்டது. ஓடையைக் கடக்கும்போது பாசியில் கால் வழுக்கியது, விழுந்த மனுசன் தன் முழங்காலைக் காப்பாற்றப் பார்த்தானே தவிரத் தோளில் கிடந்ததைப் பார்க்கவில்லை, ஸ்கோப் கல்லில் மோதிய சத்தம் இன்னும் பல்லுக்குள் இருக்கிறது. கண்ணாடி உடையவில்லை, திருகாணிகள் இறுக்கமாகத்தான் இருந்தன, ஆனால் குறி பழைய இடத்திலேயே நிற்கிறதா, ஒரு மயிரிழை விலகிவிட்டதா என்று கண்ணால் பார்த்து எவரும் சொல்ல முடியாது, இங்கே மயிரிழை விலகினால் சதுப்புக்கு அப்பால் ஒரு சாண் விலகும், நெஞ்சில் படவேண்டியது வயிற்றில் படும், வயிற்றில் பட்ட மிருகம் எவ்வளவு தூரம் போகும் என்று அவனுக்குத் தெரியும். சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் அந்தச் சத்தத்தோடு வேட்டையே முடிந்துபோகும்.

எத்தனையோ வருடம் இந்த வேட்டைக் குழுவுக்கு இறைச்சி சுமந்தவன், காட்டுக்குள் கத்திக்கொண்டு நடந்து மான் கலைத்தவன், மீன் தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரனான ஓத்வார்தான் குழுவின் தலைவன், அவன் மற்றவர்களோடு வாதாடி இந்த வருடம்தான் நவத்துக்குச் சுடுவதற்கென்று ஓர் இடம் வாங்கிக் கொடுத்தான், பெரிய வீரன்தான், கடைசி நாளில் போய் ஓடைக்குள் விழுந்து எழும்பியாயிற்று. வாக்கி டாக்கியில் சொல்லாமலும் இல்லை, ஓத்வார், துவக்கு அடிபட்டுவிட்டது, குறி எப்படியோ தெரியாது என்றான், ஓத்வார் மூச்சு வாங்கியபடி, அது நல்ல கண்ணாடி நவம், அந்த அடிக்கு அசையாது, எங்களுக்கு அனுமதித்த கணக்கில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆண் எல்க், நாய் அதை உன் பக்கம்தான் கலைக்கிறது, வந்தால் சுடு என்றான். அன்றைக்கு அத்தானும் அப்படித்தான் சொன்னார், இரும்புதானே நவம், அதுக்கென்ன வரப்போகுது.

அத்தான் அருளம்பலம், அக்காவின் புருசன், வயலை உழக்கிய பன்றியைச் சுடப் போன மனுசன், இடியன் துவக்கை, வெடிமருந்தைக் குழல் வாயால் போட்டு இடித்து நிரப்புகிற அந்த நாட்டுத் துவக்கை, ஆமிக்காரன் கண்ணில் படக்கூடாதென்று பழைய நீலச் சாரத்தில் சுற்றிச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு போகிறார், பின்னுக்குக் கரியரில் நவம், மதகடியில் சைக்கிள் குலுங்கிக் கட்டு அவிழ்ந்து துவக்கு கொங்கிறீற்றில் விழுந்தது, நுனியில் கொல்லன் ஒட்டிவைத்த பித்தளை மணி, குறி பார்க்கிற மணி, கொஞ்சம் சரிந்துபோயிற்று, அத்தான் அதைப் பெருவிரலால் அமத்தி நிமிர்த்தினார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், சிரித்தார், வயலில் சுட்டார், பன்றி வயிற்றில் வெடியோடு பற்றைக்குள் ஓடியது, காயப்பட்டதை விட்டுவிட்டுப் போறது பாவமடா என்று அவர் பின்னால் போனார், பற்றைக்குள்ளிருந்து வெளியே வந்தது பன்றிதான், பல்லில் இரத்தத்தோடு. அதே சைக்கிளில் அவரை ஏற்றி, தொடையைச் சுற்றி அதே சாரம், நீலம் கறுப்பாகிக்கொண்டு வருகிறது, சண்டையால் பாதைகளெல்லாம் பூட்டு, நவம் உழக்குகிறான், அத்தான் அவன் தோளில் தலையைச் சாய்த்து, துவக்கிலை பிழையில்லையடா, என்ரை கைதான் ஆடினது என்றார், ஆசுபத்திரி வருமுன் பேச்சும் மூச்சும் நின்றுவிட்டன. அக்கா அந்தத் துவக்கை ஒருவரும் தொடவிடாமல் கொண்டுபோய்க் குளத்தில் எறிந்தாள், சுட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், மணியோ கையோ என்று, இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் ஊர்க்கதை எல்லாம் முடிந்த பிறகு கேட்பாள், நவம், நீ பாத்தனிதானே, அவரின்ரை கை ஆடுற கையே, நவம் ஒவ்வொரு தரமும், தெரியாதக்கா என்பான், உண்மையும் அதுதான், அந்த உண்மையால் அக்காவுக்கு ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை.

நாய் குரைப்பது கிட்ட வருகிறது, பேர்ச் மரங்கள் விலக, எல்க் சதுப்புக்குள் இறங்கிவிட்டது, ஆண், களைத்துப்போய் வாய் திறந்தபடி, அவனைப் போலவே முழங்கால் நோகிறதோ என்னவோ, நடுவில் நின்று பக்கவாட்டில் திரும்பிக் காட்டியது, இதைவிட நல்ல இடத்தில் ஒரு மிருகம் நிற்காது, குறுக்குக் கோடுகள் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே போய் இருந்தன, விரல் விசைக்குப் போகிறது, அப்போதுதான் தெரிந்தது, இடது கைப் பெருவிரல் ஸ்கோப்பின் பக்கத்தில் இருக்கிறது, அதை அமத்துகிறது, நிமிர்த்துகிறது, அவன் சொல்லாமலே. நவம் விசையிலிருந்து விரலை எடுத்தான். எல்க் சதுப்பைக் கடந்து காட்டுக்குள் போனது, அவசரப்படவில்லை, ஏன் சத்தம் கேட்கவில்லை என்று வாக்கி டாக்கி கேட்டது, நான் சுடவில்லை என்றான்.

இறைச்சிச் சாக்குகளை வெறுமையாக மடித்து வண்டியில் வைத்தார்கள், ஒருவராவது ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும், ஒருவரும் ஏசவில்லை, ஓத்வார் மட்டும் அவனைச் சூட்டுப் பயிற்சித் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனான், குறிக் கடதாசியைப் பலகையில் குத்திவிட்டு வந்து, சுடு என்றான். நவம் சுட்டான், மறுபடி சுட்டான், இன்னுமொரு தரம், கை ஆடவில்லை, ஓத்வார் நடந்துபோய்க் கடதாசியைக் கழற்றிக்கொண்டு வந்து அவன் முன்னால் விரித்தான், ஓட்டைகள் எல்லாம் நட்ட நடுவில், ஒரு நாணயத்தால் மூடிவிடலாம். சொன்னேனே, நல்ல கண்ணாடி என்றான், கோபமில்லை, களைப்புத்தான், புதுக் கடதாசியை எடுக்க வண்டிப் பக்கம் போனான். நவத்துக்கு அழவேண்டும் போல இருந்தது, மான் போனதற்காக இல்லை, அந்தக் கடதாசியில் ஓர் ஓட்டை ஒரு சாண் விலகியிருக்கவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது, வேறு துவக்கு, வேறு நாடு, இதற்கும் அதற்கும் ஒரு தொடுசலும் இல்லை, மூளைக்கு அது தெரியும், ஆனாலும் அடிபட்ட துவக்கு குறி தவறும் என்று ஒரு தரம் கண்ணால் கண்டிருந்தால் போதும், அத்தானின் கையைக் குற்றம் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மறுபடி ஸ்கோப்பில் கண்ணை வைத்தான், கடதாசி இல்லாத பலகை, அதற்குப் பின்னால் பனி, நீலமாக ஒன்றும் வரவில்லை, குறுக்குக் கோடுகள் அசையாமல் நின்றன, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அக்கா போன் எடுப்பாள், ஊர்க்கதை முடியும், கேட்பாள், நவம் கண்ணை எடுக்காமலே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான், ஓமக்கா, துவக்குத்தான் பிழை, அடிபட்டதிலை மணி சரிஞ்சுபோச்சு, அத்தான்ரை கை ஆடவே இல்லை, நான் பாத்தனான்.