ஹேண்டில்பாரில் கை வைத்தது யார்

வண்டியை நகர்த்தினால்தான் நாற்காலி போட இடம் கிடைக்கும் என்று சித்தப்பா சொன்னார். மகள் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து உதைத்தாள். முகப்பு விளக்கு நொறுங்கியிருந்ததே தவிர, எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரை ஒட்டி நிறுத்துவதற்காக ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுக்க ஒடித்தாள்.

வண்டி உறுமியது.

ஆக்ஸிலேட்டரை அவள் தொடவே இல்லை. நேராக்கினாள், அடங்கியது. ஒடித்தாள், உறுமியது. வண்டியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் தெருமுனையில் அப்பா இப்படித்தான் இடப்பக்கம் ஒடித்திருக்கிறார். வண்டி துள்ளிப்போய் ஒரு வீட்டுச் சுவரில் முட்டியது. தலை படிக்கட்டில். ஹெல்மெட் முழங்கையில் தொங்கியதாம். தெருவைத் தாண்டிய பிறகுதான் போடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வர மத்தியானம் ஆகும்.

அவள் ஓட்டப் பழகியதும் இதே வண்டியில்தான். அப்போது கைப்பிடிகளை எக்கித்தான் பிடிக்க வேண்டும். இப்போது கைப்பிடிகள் மடிக்கே வந்து நின்றன. குனிந்து பார்த்தாள். பாரைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டிலும் துரு பெயர்ந்து, ஸ்பேனர் பட்ட இடம் பளபளத்தது. யாரோ பாரைத் தூக்கிப் பின்னால் சாய்த்திருக்கிறார்கள். கேபிளுக்கு நீளம் போதவில்லை. ஒடித்தால் விறைத்துக்கொண்டு அதுவாகவே ஆக்ஸிலேட்டரை இழுக்கிறது.

யாரோ என்ன யாரோ. இந்த வீட்டில் வண்டியை நோண்டுகிற ஆள் ஒருத்தன்தான்.

"டேய், இங்க வா."

தம்பி நாற்காலிகளை இறக்கி வைத்துவிட்டு வந்தான். அழுது கண் வீங்கியிருந்தது.

"ஹேண்டில்பார்ல கை வச்சியா?"

"இல்லக்கா."

"கேட்டு முடிக்கல, அதுக்குள்ள இல்லைங்கற. பாத்துட்டுச் சொல்லு."

ஒடித்துக் காட்டினாள். கேபிள் விறைப்பதை அவனும் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"சத்தியமா நான் தொடலக்கா."

"ஹார்ன நாய்ச் சத்தமா மாத்தினப்பவும் இதே சத்தியம்தான். அந்த மனுஷன் ஒரு வாரம் மருந்துக் கடைக்கெல்லாம் நாய் மாதிரி குரைச்சுக்கிட்டே சரக்கு போட்டாரு."

"அது விளையாட்டுக்கா."

"இது?"

அவன் குனிந்து போல்ட்டுகளைத் தடவிப் பார்த்தான்.

"ஸ்பேனர் எங்க?"

"பெட்டியில காணோம். நேத்தே தேடினேன்."

"காணோமா! கால் முளைச்சு நடந்து போச்சாக்கும்."

"அக்கா, என்னப் பாத்தா அப்பாவக் கொன்னவன் மாதிரியா இருக்கு?"

அவள் உள்ளே நடந்தாள். அம்மாவிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். அவன் பின்னாலேயே வந்தான்.

அம்மா தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எதிர்வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"தோள் வலி, தோள் வலின்னு ஒரு மாசமா உயிர எடுத்துட்டாரு. குனிஞ்சு குனிஞ்சு ஓட்டினா வலிக்காதா? மெக்கானிக்கிட்ட போங்கன்னா போகமாட்டாரு. இந்த மிஷின அக்குவேறா கழட்டி மாட்டறேன், நாலு போல்ட்டு எனக்குப் பெரிசா? நேத்து சாயங்காலம் நானே லூஸ் பண்ணி, கைப்பிடிய அவர் உசரத்துக்கு இழுத்து வச்சு முறுக்கிட்டேன். ஏறி உக்காந்து பாத்துட்டு, 'அடியே, ராஜா மாதிரி இருக்குடி'ன்னாரு." அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஒரு சுகமாவது என் கையால குடுத்தேன். அது போதும் எனக்கு."

மிஷின் மேல், நூல்கண்டுகளுக்கு நடுவே, ஸ்பேனர் கிடந்தது.

அக்காவும் தம்பியும் வாசற்படியில் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"இதக் கேளுங்க அண்ணி." சித்தப்பா வேகமாக உள்ளே வந்தார். "முனையில பாத்தவங்க சொல்றாங்க, திருப்பும்போது வண்டி தானா உறுமிச்சாம். அந்த வண்டிய யார் என்ன பண்ணீங்க?"

"தானாவா?" என்றாள் அம்மா. "தானா எப்படி உறுமும்? நேத்து நான்..."

நிறுத்தினாள். அவள் பார்வை மெதுவாக மிஷின் பக்கம் திரும்பியது.

"நான்தாம்மா," என்றான் தம்பி.

"என்னடா?"

"காலையில அப்பா குளிக்கறப்ப ஆக்ஸிலேட்டர் கேபிள மாத்தினேன். பழைய கேபிள். சரியா மாட்டல போல."

"நெனச்சேன்!" சித்தப்பா கத்தினார். "இவன் கைய வச்சா எது உருப்பட்டிருக்கு?"

அக்கா வாயைத் திறந்தாள். தம்பி அவளைப் பார்த்தான், ஒரே ஒரு தடவை. வாயை மூடிக்கொண்டாள்.

அம்மா கத்தவில்லை, அடிக்கவில்லை. மகனை ஏற இறங்கப் பார்த்தாள், கடையில் துணி மாற்றிக் கொடுத்து ஏமாற்றியவனைப் பார்ப்பதுபோல.

"நல்லா ஆக்கிக் குடுத்தேனேடா," என்றாள் தாழ்ந்த குரலில். "கெடுத்துட்டியே."

வெளியே நாற்காலிகளை விரிக்கும் சத்தம் கேட்டது. அம்மாவுக்கு விக்கல் எடுத்தது. தம்பி ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து குனிந்து நீட்டினான். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றான்.

அக்கா வந்து அவன் கையிலிருந்து டம்ளரை வாங்கி, அவன் பக்கத்திலேயே நின்று, முழுவதையும் குடித்தாள்.