மூன்றாவது பந்து

“கைய எடு தம்பி!”

பிளக்கைப் பிடுங்கக் குனிந்த கொழுந்தன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். மருத்துவமனையிலிருந்து அண்ணனின் உடல் வந்துகொண்டிருந்தது. கிடத்த முன்னறையில்தான் இடம். அதில் பாதியை, உருளும் பந்தைத் துடுப்பால் அடித்துப் புள்ளி சேர்க்கும் அந்தக் கார்ப்பந்தயப் பின்பால் மெஷின் அடைத்துக்கொண்டு நின்றது.

“என் முறை பாக்கி இருக்கு,” என்றாள் அவள்.

காலையில் அவள் கணவர் தன் கடைசிப் பந்தை முடித்துவிட்டு, “இன்னைக்கு உன்னால என்னப் பிடிக்க முடியாதுடி,” என்று சிரித்தார். நெஞ்சைத் தடவியபடியே நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவுதான். அவளுடைய மூன்றாவது பந்து ஸ்பிரிங் கம்பிக்கு முன்னால் அப்படியே கிடந்தது. அவர் ஏழு லட்சத்து நாற்பதாயிரம் புள்ளி. அவள் நாலு லட்சத்து எண்பதாயிரம்.

“எல்லாரும் பாக்குறாங்கம்மா,” என்று மகள் கிசுகிசுத்தாள்.

“பாக்கட்டும். பாதியில விட்டா உங்கப்பாவுக்குப் பிடிக்காது.”

கம்பியை இழுத்து விட்டாள். பந்து சீறி மேலேறியது. துடுப்புகளின் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பந்து நடுவில் நழுவிவிடும். துடுப்பின் நுனிக்கு வரும்வரை பொறுத்து, ஒன்றை மட்டும் அடிக்கவேண்டும். ஐந்து கியர் விளக்கும் எரிந்தால் பந்தயப் பாதை திறக்கும். அதில் ஒரு சுற்றுக்கு ஒரு லட்சம்.

அவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. மெஷினையே பிடித்து உலுக்குவார். அது விளக்கணைந்து பூட்டிக்கொள்ளும்; அந்தப் பந்து வீண். “மாடா அது, முட்டித் தள்ள?” என்பாள்.

இன்று காலை அவர் ஒருமுறைகூட உலுக்கவில்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஐந்தாவது விளக்கு எரிந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இன்னும் ஒன்று வந்தால் அவரைத் தாண்டிவிடுவாள். பந்து மெதுவாக இடது துடுப்புக்கு உருண்டு வந்தது. விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒருமுறை அப்படி விட்டுக்கொடுத்ததற்கு அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடித்தாள். பந்து சரிவின் உச்சிவரை ஏறி, தயங்கி, வந்த வழியே திரும்பியது. நேராக நடுப்பள்ளத்தை நோக்கி.

அவள் இரண்டு கைகளாலும் மெஷினைப் பிடித்து உலுக்கினாள். விளக்குகள் அணைந்த பிறகும் உலுக்கினாள்.

“அண்ணி,” என்றான் கொழுந்தன்.

கையை எடுத்தாள். “உங்கண்ணன் ஜெயிச்சுட்டாரு. தூக்குங்க.”

நாலு பேர் சேர்ந்து தூக்கி நகர்த்தினார்கள். அடியில் வருஷக்கணக்கான தூசி. அவள் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது. அவருக்குத் தரை குளிருமே என்று காய்ந்த துணியொன்றை எடுத்து, ஈரம் போக மறுபடி துடைக்கத் தொடங்கினாள்.