சூசன் பூத்த மூலை

ஊரப்பாக்கத்தில் ரயில்வே லைனுக்குக் கிழக்கே போட்ட மனைகளில், துர்காதேவி வீட்டுப் பின்புறம் மட்டும் ஒரு மூலை மஞ்சளாக இருக்கும். தை பிறந்ததும் பூக்க ஆரம்பித்தால் பங்குனி வரைக்கும் ஓயாது. நடுவில் கறுப்பாக ஒரு குமிழ், சுற்றி மஞ்சள் இதழ். பார்க்கிறவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள், ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டுத்தான் போவார்கள். பக்கத்து வீட்டு வரலட்சுமி அதைச் சவலைச் சூரியகாந்தி என்றாள். பால்காரர் ஆவாரம்பூவா என்று கேட்டார். அவர் டாக்டரிடம் கண்ணைக் காட்டி ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

அதன் பெயர் பிளாக் ஐட் சூசன். மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு நர்சரியில் துர்காதேவிக்குப் பில் போடும் வேலை. சொகுசு விடுதி ஒன்று கேட்டதென்று முதலாளி வெளிநாட்டு விதை வரவழைத்து நாற்று விட்டார். விடுதியில் நட்டதெல்லாம் உப்புக்காற்றில் கருகிப்போனது. மீந்த நாற்றைக் குப்பையில் கொட்டப் போன ஹெலனைத் தடுத்து, துர்காதேவி ஒரு தட்டு நாற்றை வாங்கிக்கொண்டாள். ஹெலன் அங்கே நாற்று பார்க்கிறவள்.

"குளிர் ஊரு செடிடி இது. மொத வருசம் வெறும் எலைதான் வுடும். பூத்து முடிச்சா மேல எல்லாம் காஞ்சி பூடும். செத்துப்போச்சுன்னு புடுங்கிடாத. வேருல உசுரு இருக்கும், மறுபடி வரும்," என்றாள் ஹெலன்.

மறுபடி வரும் என்ற அந்த வார்த்தைக்காகத்தான் துர்காதேவி அதைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அதற்கு நாலு மாதம் முன்னால், ஆடியில், அவளுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டது. செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கொரோனா கெடுபிடி ஓயாத நேரம், கூட ஆளை விடவில்லை. பெண் குழந்தை. வெளியே வரும்போதே மூச்சு இல்லை. துர்காதேவிக்கு ஜன்னி கண்டு நினைவு தப்பிவிட்டது. அவள் கண் திறந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்க் மட்டும் இருந்தது.

பல் முளைக்காத பிள்ளையை அவர்கள் பக்கம் எரிக்கமாட்டார்கள், புதைப்பார்கள். புதைத்த இடத்தைப் பெற்றவளுக்குக் காட்டவும் மாட்டார்கள். காட்டினால் அடுத்தது தங்காதாம். பெயர் கிடையாது, படையல் கிடையாது, துக்கம் கேட்க வருகிறவர்கள்கூட ஒரு வாய் காபியோடு எழுந்துவிடுவார்கள். இப்படியெல்லாம் சட்டம் போட்டவர் யாரோ, அவர் வயிற்றில் எதையும் சுமந்தவராக இருக்க முடியாது.

துர்காதேவிக்கு அந்தச் சட்டம் ஒத்துவரவில்லை. "எங்க வெச்சீங்க?" என்று புருஷனைக் கேட்டாள். மறுநாளும் கேட்டாள். சோறு போடும்போது கேட்டாள், தன் சோற்றைத் தொடாமல் எழும்போது கேட்டாள். சரவணகுமார் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை செய்கிறவன். நாள் முழுக்க டிரைவர்களோடு சண்டை பிடித்துப் பழகியவன், இந்த ஒரு கேள்வி வந்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவான். ஐப்பசி போய், கார்த்திகை மழையில் ஒரு நாள் தொப்பலாக நனைந்து வந்தான். தலையைக்கூடத் துவட்டாமல் நின்றான். அன்றும் அவள் கேட்டாள். அவன் சமையலறை ஜன்னல் வழியாகப் பின்பக்க மூலையைக் காட்டினான்.

"அங்கதான். செவுத்தோரம்."

அன்று துர்காதேவி சாப்பிட்டாள். தட்டில் சோறு மிச்சமில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த வாரமே அவள் கொண்டுவந்ததுதான் சூசன். மழைக்குத் தண்ணீர் தேங்குகிற இடம் என்பதால் செங்கல் அடுக்கி மண்ணை உயர்த்தினாள். கையால்தான் கிளறினாள், மண்வெட்டி வைக்கவில்லை. வைக்க மனசு வரவில்லை. முதல் வருஷம் ஹெலன் சொன்னபடியே வெறும் இலை, பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று. வரலட்சுமி, "இன்னா துர்கா, களைய வளக்கறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மறு வருஷம் தையில் பூத்தது. வாடின பூவை உடனே கிள்ளினால் அடுத்த மொட்டு வரும் என்று அவளுக்குத் தெரியும், தினம் காலையில் கிள்ளினாள். இலையில் தண்ணீர் பட்டால் சாம்பல் நோய் பூக்கும் என்று சொம்பைத் தரையோடு சாய்த்து வேரில் ஊற்றினாள். சித்திரை வெயிலுக்குப் பச்சை வலை கட்டினாள். எல்லாம் காய்ந்து தரையோடு போன பிறகும் அந்த வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினாள். மழை வந்ததும் பக்கத்துக்கு நாலு குருத்தாக அது கிளம்பி வந்தபோது, பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அது சந்தோஷ அழுகைதான்.

பூவை ஒருநாளும் தலைக்கு வைத்ததில்லை, சாமிக்கும் பறித்ததில்லை. பெயரில்லாமல் போன பிள்ளைக்குச் செடியின் பெயரையே வைத்துக்கொண்டாள். "சூசம்மா, இன்னிக்கு வெயிலு ஜாஸ்தி" என்று அவள் பேசுவதைக் கேட்டு, பெண்டாட்டி செடியோடு பேசுகிறாள் என்று சரவணகுமார் நினைத்துக்கொண்டான். நடுவில் அவனுக்குக் கிருஷ்ணகிரிக்கு மேனேஜராகப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. "பாப்பாவ உட்டுட்டு நான் எப்டி வர்றது?" என்றாள். அவன் உடனே ஆபீசுக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இப்படிப்பட்ட மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அன்று அவளுக்குத் தோன்றியது.

இந்த மாசியில் மாடியில் ஒரு போர்ஷன் எடுக்க ஏற்பாடு. மேஸ்திரி அருணகிரி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"பழைய செப்டிக் டேங்க் தாங்காது சார். மேல ஆளு வந்தா முத மழைக்கே பொங்கிக்கினு வந்துடும். பின்னாடி மூலை ஒண்ணுதான் தோது."

"சரி மேஸ்திரி. ஜேசிபிக்குச் சொல்லிடுங்க," என்றான் சரவணகுமார். டீ கிளாஸிலிருந்து தலையை எடுக்கவில்லை.

துர்காதேவிக்குக் காது அடைத்துவிட்டது. மேஸ்திரி வாசலைத் தாண்டுகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பேசிட்டீங்க? பாப்பா மேல கக்கூஸ் தொட்டியா?"

"வேற எடம் ஏது துர்கா?"

"அப்ப மொதல்ல அவள எடுத்து வேற எடத்துல வெக்கணும்."

"இத்தினி வருசமாச்சி. இன்னா இருக்கும் அங்க? மண்ணோட மண்ணா போயிருக்கும்."

"எலும்புகூடவா போயிடும்?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான். பெற்றவன், ஒரு வார்த்தை கலங்கவில்லையே என்று அவளுக்கு ஆறவில்லை. உட்கார்ந்து யோசித்துவிட்டு, அச்சரப்பாக்கம் பக்கத்து ஊரில் இருக்கும் மாமனார் செங்கல்வராயனுக்குப் போன் போட்டாள். அன்று ஆஸ்பத்திரியில் துணியோடு பிள்ளையைக் கையில் வாங்கினவர் அவர்தான் என்று ஆயா சொல்லியிருந்தாள். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு நடை வரணும் மாமா என்றாள். அவரும் பூமி பூஜைக்கென்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

ஞாயிறு விடியும்போதே சரவணகுமார் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். அப்பா வந்தால் ஆட்டோ பிடித்து வரட்டுமே என்கிற ஆசாமி அவன். துர்காதேவிக்கு அது அப்போது உறைக்கவில்லை. செங்கல்வராயனோ ரயிலில் வரவில்லை. ஊர்க்காரர் ஒருவரின் காய்கறி வண்டியில் ஏறி, ஒரு பை வேர்க்கடலையோடு நேராக வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவள் பின்பக்கம் அழைத்துப்போனாள். எல்லாம் தயாராக வைத்திருந்தாள். சொம்பில் பால், மஞ்சள்தூள், மடித்த புது வெள்ளைத் துணி. வீடு கட்டாத காலி மனையாகப் பார்த்து, மாற்றி வைக்க ஒரு இடம்கூடக் கேட்டு வைத்திருந்தாள்.

"மாமா, தல எந்தப் பக்கமா வெச்சீங்க? தோண்டும்போது மேல பட்டுடக் கூடாது."

"யாருக்கும்மா தல?"

"பாப்பாவுக்கு."

கிழவர் அவளைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். வெள்ளைத் துணியைப் பார்த்தார்.

"இன்னாம்மா பேசற நீ? குடியிருக்கற மனையில யாராச்சும் பொதைப்பாங்களா? வூட்டுக்கு ஆவுமா அது?"

"அப்ப எங்க?"

சொல்லக்கூடாததைத் தொட்டுவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பின்வாங்கவும் வழியில்லை, அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் சொல்லலியா உனுக்கு? பாலாத்துலதாம்மா. பாலத்துக்கு இந்தாண்ட, மணல்ல. நானும் அவனுந்தான். நல்லா ஆழமா தோண்டி, உப்பு போட்டு, கொறையில்லாமத்தாம்மா வெச்சோம்."

அந்தக் கார்த்திகையில் பாலாறு வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. காலங்காலமாக மணலாகக் கிடந்த ஆறு இரண்டு கரையும் முட்டப் போனது. ஊர்ப்பட்ட ஜனம் பாலத்தில் நின்று, பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துத் தண்ணீர் காட்டியது. துர்காதேவியும் டிவியில் பார்த்தாள். செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துப் போவதைப் பார்த்து, நல்லவேளை நம் பிள்ளை வீட்டோடு இருக்கிறாள் என்று மனசு நிறைந்ததுகூட அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த நிறைவை நினைத்ததும் அவர் கையை விட்டுவிட்டு, பால் சொம்பை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

கேட் திறந்தது. அப்பா வாயைத் திறக்குமுன் பிடித்துவிட வேண்டுமென்று ஸ்டேஷனில் காத்திருந்து ஏமாந்து திரும்பிய சரவணகுமார், அப்பாவையும் பால் சொம்பையும் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான்.

"வெள்ளம் வந்த அன்னிக்குப் போய்ப் பாத்தேன்," என்றான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். "ஒரே தண்ணி. எந்த எடம்னே தெரியல. வூட்டுக்கு வந்தா நீ எங்கன்னு கேக்கற. நான் இன்னாத்தடி காட்டுவேன்?"

"தண்ணியக் காட்டியிருக்கணும்."

"செத்துடுவன்னு பயந்துட்டேன்."

"அன்னிக்கே அழுது தீத்திருப்பேனே. வெறும் மண்ணுக்குப் போயி… வெறும் மண்ணுகிட்டப் போயி பேசிக்கினு இருந்தேனே, நீ பாத்துக்கினுதானே இருந்த?" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனை நீ என்றது அதுதான் முதல் தடவை. செங்கல்வராயன் பால் சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

ஹெலனுக்குச் சேதி போய், இரவு அவள் போன் செய்தாள். வேரோடு எடுத்து நாலாகப் பிரித்துத் தொட்டியில் வை, எல்லாம் பிழைத்துக்கொள்ளும் என்றாள். துர்காதேவி கேட்டுக்கொண்டாள், செய்யவில்லை. பூவின் மேல் அவளுக்குக் கோபமும் இல்லை. பாவம், வைத்த இடத்தில் பூத்தது.

மறுநாள் ஜேசிபி வந்தது. ஓட்டி வந்த ஜோயல் சின்ன வயசு ஆள். பக்கெட்டை இறக்கப் போனவன் நிறுத்திவிட்டு, "அக்கா, செடிய எடுத்துக்கிறியா? பூ சூப்பரா கீதே," என்றான்.

"வேணாம் தம்பி. எடு."

முதல் அள்ளலிலேயே பாத்தி மொத்தமும் மேலே வந்துவிட்டது. இத்தனை வருஷத்து வேர், வெள்ளையாகப் பின்னிக்கொண்டு மண்ணை விடாமல் பிடித்திருந்தது. கொட்டின இடத்தில் பூக்கள் தலைகீழாகக் கிடந்தன. வரலட்சுமி தன் வீட்டு மாடியில் நின்று பார்த்தவள், ஏதோ கேட்க வாயெடுத்து, துர்காதேவியின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு செம்மண் வந்தது. மனை போட்டபோது நிரப்பின ஓட்டாஞ்சில்லு வந்தது, பால் பாக்கெட் உறை வந்தது, அதற்குக் கீழே சரளை. துர்காதேவி பள்ளத்தின் விளிம்பை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு தடவையும் மண் சரிந்து விழும்போது குனிந்து பார்த்தாள். மேஸ்திரி இரண்டு முறை தள்ளி நிற்கச் சொன்னார். அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

மேஸ்திரி டேப்பை விட்டு அளந்துவிட்டுக் கையை ஆட்டினார். ஜோயல் எஞ்சினை அணைத்தான்.

"இன்னும் கொஞ்சம் தோண்டு தம்பி," என்றாள் துர்காதேவி.

"ஆழம் போதும்க்கா. இதுக்குக் கீழ தண்ணி வந்துடும்."

"இன்னும் ஒரே ஒரு வாட்டி. அந்தச் செவுத்தோரம்."

பாலாறு அவளுக்கு மறந்துவிடவில்லை. மாமனார் சொன்னது பொய்யில்லை என்றும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் கேட்டாள். தினம் காலையில் தண்ணீர் ஊற்றின மனசு, தெரிந்த உடனே நின்றுவிடுமா?

ஜோயல் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி சரவணகுமாரைப் பார்த்தார். அவன் படியிலிருந்து இறங்கி வந்து, அவளிடமிருந்து இரண்டு அடி தள்ளி, பள்ளத்தின் விளிம்பில் நின்றான். முந்தின நாளுக்குப் பிறகு அவள் பக்கத்தில் வருவதற்கே அவனுக்கு இப்போதுதான் தைரியம் வந்திருந்தது.

"தோண்டுப்பா," என்றான். "அவ போதும்ன்ற வரைக்கும் தோண்டு."

ஜோயல் மறுபடி எஞ்சினைப் போட்டான்.