கூண்டில் ஏறிய மாமா

தீர்ப்பு வந்த அன்று ரொட்டிக் கடைக்காரிக்கு அழுகை வரவில்லை. தம்பியைக் குத்திக் கொன்ற மாவு மண்டிக்காரன் விடுதலையாகிப் படியிறங்கினான். அவள் பார்த்தது அவனையல்ல, தூணோரம் தலை கவிழ்ந்து நின்ற தன் புருஷனை.

தாய் தகப்பனில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். புழுத்த மாவைத் திருப்பி அனுப்பியதில் மூண்ட சண்டை, ஆளில்லாத மத்தியான வேளையில் கடை வாசலில் கத்திக்குத்தில் முடிந்தது. கண்ணால் பார்த்தவர் அவள் புருஷன் ஒருவர்தான். போலீசிடம் ஒன்றுவிடாமல் சொன்னவர், கூண்டில் ஏறியதும், "நான் உள்ளே இருந்தேங்க. யாரு குத்தினாங்கன்னு தெரியாது" என்று ஒரே போடாகப் போட்டார். மண்டிக்காரன் அவருக்குப் பால்ய சிநேகிதன்.

"அரசாங்கம் அப்பீல் போகலைன்னா என்ன, தம்பிக்கு வாரிசு நீங்க, நீங்களே போடலாம்" என்றார் வக்கீலம்மா. "ஆனா உங்க வீட்டுக்காரர் பொய் சொன்னார்னு எழுதாம கேஸ் நிக்காது. விடுதலையைக் கலைக்கிறதும் லேசுப்பட்ட காரியமில்ல. யோசிச்சு வாங்க."

"யோசிக்க என்னம்மா இருக்கு? எழுதுங்க."

விஷயம் தெரிந்ததும் புருஷன் வீட்டில் குதித்தார். "கட்டின புருஷனைப் பொய்யன்னு எழுதிக் கொடுத்திருக்கியே, நல்லா இருக்காடி?"

"மாமா மாமான்னு உங்களையே சுத்தி வந்தானே, கடைசியா யாரைக் கூப்பிட்டான்?"

"என்னைத்தான்..." வாய் தவறி வந்துவிட்டது.

"உள்ளே இருந்தவருக்கு நல்லாக் கேட்டிருக்கு."

அவர் சுவரைப் பார்த்தார். "சின்ன வயசுலேர்ந்து ஒண்ணாத் திரிஞ்சவன்டி. அவன் மூஞ்சியைப் பாத்ததும் நாக்கு எழும்பலை. செத்தவன் திரும்பியா வரப்போறான்?"

அன்றே அவள் துணிமணியோடு கடை மாடிக்குப் போய்விட்டாள்.

மேல்கோர்ட்டு கத்தியை அலசியது, ரத்தக்கறையை அலசியது. கடைசியில், பார்த்த சாட்சி இல்லாததால் சந்தேகம் தீரவில்லை, விடுதலை செல்லும் என்று சொல்லிவிட்டது. "இன்னும் மேலே போகலாம், ஆனா நம்பிக்கை கொடுக்க மாட்டேன்" என்றார் வக்கீலம்மா. "போடுங்கம்மா" என்றாள்.

கடைக்கு இப்போது வேறு மண்டி மாவு. சில காலைகளில் புருஷன் வந்து வரிசையில் நிற்பார். மற்றவர்களுக்குப் போலவே ரொட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, முகம் பாராமல், "அடுத்து யாருங்க?" என்பாள்.