படகில் கிரிவலம்

சின்னப்பொண்ணு டூர் போட்டால் யாரையும் "வரீங்களா?" என்று கேட்க மாட்டாள். வாசலில் நின்றபடியே, "ஜன்னல் சீட்டா, நடு சீட்டா?" என்றுதான் கேட்பாள். வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவர்கள்கூட ஜன்னல் சீட்டு போய்விடுமே என்று பெயரைக் கொடுத்துவிடுவார்கள். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்குப் பக்கத்திலிருக்கும் அந்தத் தெரு, வருஷா வருஷம் மேல்மருவத்தூரும் திருத்தணியும் திருவண்ணாமலையும் போனது இப்படித்தான்.

கணவர் பாலசுப்ரமணியனுக்கு வேனில் கடைசி சீட்டு. மடியில் புளிசோற்றுத் தூக்கு, காலடியில் தண்ணீர் கேன். யாருக்காவது குமட்டினால் பை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். தெருவில் ஒரு வீடு விடாமல் படியேறியிருக்கிறார். ஆனால் எந்த வீட்டிலும் மீட்டர் பெட்டியைத் தாண்டி உள்ளே போனதில்லை. பேசுவதெல்லாம் சின்னப்பொண்ணுவின் இலாகா.

ஆவணியில் ஒரு காலை பால் வாங்கிக்கொண்டு வந்தவள், "தலய சுத்துதுய்யா" என்று சுவரோரம் உட்கார்ந்தாள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. காரியத்துக்கு வந்த சனங்கள் பஸ் ஏறிப் போன பிறகு பாலசுப்ரமணியன் வீட்டில் தனியாக இருந்தார். அடுத்த கணக்கெடுப்புக்கு வந்த பையன் எழுதிவிட்டுப் போனதும் பழக்கதோஷத்தில் தானும் எட்டிப் பார்த்தார். மீட்டர் பாதிதான் ஓடியிருந்தது. ஒரு ஆள் போனால் மீட்டரில் தெரியும். எத்தனையோ வீடுகளில் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அன்றைக்குத்தான் அதற்கு என்ன அர்த்தம் என்று விளங்கியது.

சாவதற்கு முந்தின மாதம் அவள் போனில் ஒரு வீடியோ காட்டியிருந்தாள். அந்தமானில் ஆளில்லாத ஒரு தீவு. நடுக்கடலில் கறுப்பாக ஒரு மலை, அதன் உச்சியில் புகை. நம் நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் எரிமலை அது ஒன்றுதானாம்.

"அடுத்த டூரு இங்கதான்யா" என்றாள்.

"அங்க இன்னா கோயில் கீது?"

"ஒரு கோயிலும் கெடையாது. எல்லா சாமியும்தான் பாத்தாச்சே. ஒரு வாட்டியாவது க்யூல நிக்காம, செருப்ப அவுக்காம, எனக்கு அது வேணும் இது வேணும்னு கேக்காம, சும்மா நின்னு பாத்துட்டு வரணும்."

அந்தப் பயணத்தைப் போய்விட்டு வரவேண்டும் என்று கார்த்திகையில் அவருக்குத் தோன்றியது. தோன்றியபோதே பயமும் வந்தது. தனியாக அவர் எங்குமே போனதில்லை. அதைவிட, புகைகிற மலையைப் பார்த்ததும் "அதோ பாரு" என்று சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆள் சேர்த்தாக வேண்டும்.

முதலில் மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினார். ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்யும் ஜெரோம் என்பவன், எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னான். போர்ட் பிளேர் வரை விமானம். அங்கிருந்து இரவெல்லாம் படகு. விடியும் நேரம் தீவு தெரியும். இறங்க அனுமதி கிடையாது. படகு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். மாசியில் கடல் அமைதியாக இருக்கும்.

"க்ரூப்பா வந்தீங்கன்னா ஜாலியா இருக்கும் சார்" என்றான்.

மறுநாள் காலை வேன்காரன் லோகுவோடு எதிர்வீட்டு துர்காதேவியின் வாசலில் போய் நின்றார். துர்காதேவி எல்லா டூரிலும் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டுக்காரி. அவள் வந்தால் தெருவில் பாதி வரும். பாலசுப்ரமணியன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "ஜன்னல் சீட்டா, நடு சீட்டா?"

துர்காதேவி கையிலிருந்த துடைப்பத்தோடு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க போறதுக்குண்ணா?"

"எரிமலைக்கு."

"இன்னாது?"

சொன்னார். சின்னப்பொண்ணுவைப் போல ஏற்ற இறக்கத்தோடு சொல்ல வரவில்லை. கரண்ட் பில் எவ்வளவு என்று சொல்வதைப் போலச் சொன்னார். கேட்டு முடித்த துர்காதேவி, "சரி, அங்க இன்னா சாமி?" என்றாள்.

அதற்குப் பதில் அவரிடம் இருந்தது. ஆனால் லோகு முந்திக்கொண்டான். திருவிடந்தைக்காரன். சின்னப்பொண்ணு போட்ட டூருக்கெல்லாம் வண்டி ஓட்டியவன். நேரில் வந்து சொன்னால் ஆள் சேரும் என்று பாலசுப்ரமணியன்தான் அவனைத் துணைக்கு அழைத்து வந்திருந்தார்.

"இன்னாக்கா இப்டி கேட்டுகினு? போன வாரம் திருவண்ணாமலைல தீபத்துக்கு இன்னா பாத்த? நெருப்புதான? மேல போயி மனுசன் நெய்ய ஊத்தி ஏத்துனா அது ஒருநாளு. இது யாரும் ஏத்தாம தானா எரிஞ்சிகினு கீது. கடலுக்கு நடுவுல. நீயே சொல்லு, அது சாமி இல்லாம இன்னா?"

துர்காதேவி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "சுயம்பா?"

"பின்ன? எவன் போயி செஞ்சி வச்சான்?"

லோகு பாலசுப்ரமணியனைப் பார்த்துக் கண்ணடித்தான். பாலசுப்ரமணியன் அவனைத் திருத்தவில்லை. படகு தீவைச் சுற்றும் என்பதை மட்டும், உண்மைதானே என்று, மெல்லச் சொன்னார். அதுதான் வினையாகப் போயிற்று.

"சுத்துமா? அப்ப கிரிவலம்னு சொல்லுங்க!" என்றாள் துர்காதேவி.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நடுக்கடலில் ஒரு சுயம்பு ஜோதி, படகிலேயே கிரிவலம், காலும் வலிக்காது. வாட்ஸ்அப்பில் துர்காதேவி குழு ஆரம்பித்து, எங்கிருந்தோ எடுத்த எரிமலைப் படத்தின் மேல் விபூதிப் பட்டை வரைந்து முகப்பில் வைத்தாள். முட்டிவலியால் திருவண்ணாமலையை நிறுத்தியிருந்தவர்கள்கூடப் பெயர் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பாலசுப்ரமணியன் வீட்டில் கூடினார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அந்தக் கூடத்தில் அத்தனை பேர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவர் தேயிலையை அதிகமாகப் போட்டுவிட்டு, சர்க்கரை எங்கே என்று தேடினார். கடைசியில் ஒரு பெண்தான் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தாள். அடுக்களைக்குள் நின்றுகொண்டு கூடத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பவுர்ணமி பாத்து டிக்கெட் போடச் சொல்லு."

"செருப்ப எங்கடி வுடறது?"

"போட்லயேதான். கடல்ல தூக்கியா போடுவ?"

"தேங்கா ஒடைக்க வுடுவானா?"

"எதுல ஒடைப்ப, போட் ஓட்றவன் மண்டைலயா?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. சின்னப்பொண்ணு இருந்தால் இதற்கு மேல் ஒன்று சொல்லியிருப்பாள். அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ நெருடிக்கொண்டுதான் இருந்தது. சாமி இல்லாத இடம் என்றுதானே அவள் கேட்டாள். ஆனால் டம்ளர்களைத் தட்டில் அடுக்கும்போது, இத்தனை டம்ளர் தேவைப்படுகிறதே என்ற சந்தோஷம் அந்த நெருடலை அமுக்கிவிட்டது. போகும் வழியில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். படகில் ஏறிய பிறகு யார் இறங்கப் போகிறார்கள்?

தட்டோடு கூடத்துக்கு வந்தபோது பேச்சு நின்றது. எல்லாரும் துர்காதேவியைப் பார்த்தார்கள்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க" என்றாள் அவள். "இப்பதான் பேசிகினு இருந்தோம். அண்ணி போயி வருசம் திரும்பலயே. நீங்க எப்டி மலைக்கு வருவீங்க?"

துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்பும்வரை மலைக்கோயிலுக்குப் போகக் கூடாது. அவருக்கும் தெரிந்த வழக்கம்தான். அவருடைய அப்பா இறந்த வருஷம் சின்னப்பொண்ணு திருத்தணி டூரை அடியோடு நிறுத்தியிருக்கிறாள். இந்த மலைக்கும் அது பொருந்தும் என்று அவருக்குத்தான் தோன்றவே இல்லை.

"ஏறப் போறதில்லயே. போட்லருந்து பாக்கறதுதான..."

"கிரிவலமும் அதே கணக்குதாண்ணா. தீட்டோட சுத்துனா எங்களுக்கும் ஆவாது, உங்களுக்கும் ஆவாது. நடுக்கடலு வேற." அவள் குரல் நிஜமாகவே இரங்கியிருந்தது. "ஒண்ணும் கவலப்படாதீங்க. நாங்க போயி அண்ணி பேருக்கும் சேத்து வேண்டிகினு வந்துடறோம். அந்த மாமல்லபுரத்துக்காரன் நம்பர மட்டும் குடுங்க. நீங்க அடுத்த வருசம் போலாம்."

"அடுத்த வருசம் யார் கூட?"

ஒருத்தி தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, டீயை ஆற்றுவதைப் போல ஊதினாள்.

பாலசுப்ரமணியன் தட்டைக் கீழே வைத்தார். அது சாமிமலை என்றால் இவர்கள் போவார்கள், அவர் போக முடியாது. வெறும் மலை என்றால் அவர் போகலாம், இவர்கள் வரமாட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பக்கத்தில் ஆள் இல்லை. அது உறைத்த பிறகு வாயைத் திறப்பது சுலபமாக இருந்தது.

"அங்க சாமி இல்ல துர்கா. லோகு ஆள் சேக்கறதுக்காக அப்டி சொன்னான். நானும் வாய மூடிகினு இருந்தேன். கோயில் இல்ல, லிங்கம் இல்ல, ஒரு கல்லுகூட நட்டு வைக்கல. சும்மா மலை. பூமிக்குள்ள இருக்கற நெருப்பு வெளிய வருது, அவ்ளோதான்."

"அவ்ளோதான்னா?" துர்காதேவியின் முகம் சிவந்தது. "நெருப்பப் பாக்க அவ்ளோ தூரம் போணுமா? எங்க வூட்டு அடுப்புல இல்லாத நெருப்பா? எங்க மாமியாரு முட்டிய தேய்ச்சிகினு நாள எண்ணிகினு கீது. சாமி விசயத்துல வெளயாடுவாங்களா? அண்ணி இருந்திருந்தா இப்டி பண்ணியிருக்குமா?"

"அவதான் போணும்னா. சாமி இல்லாத எடமா ஒண்ணு பாக்கணும்னு அவதான் சொன்னா."

"அண்ணியா? எங்க அண்ணியா?" என்று கேட்டாள் துர்காதேவி. அவளுக்குக் கோபத்தைவிட அதுதான் பெரிய அடியாக இருந்தது போலிருக்கிறது. இருபது வருஷம் முதல் சீட்டில் உட்கார்ந்து வந்தவளிடம் சின்னப்பொண்ணு அதைச் சொல்லியிருக்கவில்லை. எழுந்து போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இரவுக்குள் அந்த வாட்ஸ்அப் குழுவில் பாலசுப்ரமணியனும் லோகுவும்தான் மிச்சம். லோகு கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு, "சாரி அண்ணாத்த, எனக்கு அந்த வாரம் கல்யாண வண்டி கீது" என்று எழுதியிருந்தான்.

அந்த வாரம் முழுக்கத் தெருவில் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வழக்கமாக அவரும் யாரிடமும் பேசுகிறவர் இல்லை என்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. அவருக்குத் தெரிந்தது. துர்காதேவி கோலம் போட வரும் நேரத்தில் இவர் பால் வாங்கப் போவார். அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் மாமல்லபுரத்துக்குப் போனார். ஜெரோம் கம்ப்யூட்டரைத் திருப்பிக்கொண்டான்.

"சொல்லுங்க சார். எத்தன பேர் செட் ஆச்சு?"

"ஒருத்தர்."

ஜெரோம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். பெயர், வயது, ஆதார். இரத்த வகையைக்கூடக் கேட்டான்.

"அவசரத்துக்கு ஊர்ல யாருக்கு சொல்லணும் சார்? ஒரு பேரு, நம்பர்."

பாலசுப்ரமணியன் போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். சின்னப்பொண்ணுவின் எண் இன்னும் அதில் இருந்தது. அண்ணன் மகன் ஒருவன் இருந்தான், போன் செய்தால் எடுக்க மாட்டான். வெளியே தெருவில் யாரோ கல் சிற்பங்களுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நிமிசம் தம்பி" என்று எழுந்து வாசலுக்குப் போய் அழைத்தார்.

"துர்கா, நான் பாலசுப்ரமணியன். எதிர்வூட்லருந்து..."

"பேருதான் வருதே. இன்னா?"

"இங்க அவசரத்துக்கு ஊர்ல ஒரு நம்பர் வேணும்னு கேக்கறாங்க. உன்னோடத குடுக்கலாமான்னு..."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"இன்னா அவசரம்?"

"ஒண்ணும் இல்ல. எனக்கு எதுனா ஆச்சுன்னா..."

"ஆவறது! வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றாள். பிறகு, "நெசமாவே ஒண்டியாவா போறீங்க?"

"ஆமா."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"குடுங்க" என்றாள். "ஆனா இந்தில எவனாவது பேசுனா நான் கட் பண்ணிடுவேன், சொல்லிட்டேன். தமிழ் தெரிஞ்சவன வுட்டு பேசச் சொல்லுங்க. வூட்டுச் சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. தொட்டில தண்ணி வுட்டு வைக்கறேன்."

உள்ளே வந்து எண்ணைச் சொன்னார்.

"உறவு இன்னா சார் போடறது?"

"எதிர்வூடு."

ஜெரோம் பட்டியலை மேலும் கீழும் பார்த்தான். "அப்டி ஒண்ணு இதுல இல்லயே சார். தங்கச்சின்னு போட்டுடவா?"

பாலசுப்ரமணியன் யோசித்தார். அவள் கேட்டால் என்ன சொல்வாளோ. "போடு" என்றார்.

"போட்ல ராத்திரி சாப்பாடு, சைவமா அசைவமா?"

கல்யாண வீட்டிலும் சரி, ஓட்டலிலும் சரி, இந்தக் கேள்வி அவர் காதுக்கு வருவதற்கு முன்னாலேயே சின்னப்பொண்ணுவின் பதில் போய்விடும். ஜெரோம் விரலைத் தூக்கியபடி காத்துக்கொண்டிருந்தான்.

"அசைவம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மீன் இருந்தா மீன்" என்று சேர்த்துக்கொண்டார்.