செவுளில் படாத நல்ல தண்ணீர்

தேவபிரசாதத்துக்குக் கழுத்தின் இரண்டு பக்கமும் செவுள் முளைத்த வருடம் தருவைகுளத்தில் சூரைமீன் பாடு அமோகமாக இருந்ததால், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சங்கு குளிக்கிறவன்தானே, இனி அவனுக்குக் காற்றுக்குழாய் வேண்டாம் என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். பங்குச்சாமியார் மட்டும் அவனைச் சட்டைக் காலரை ஏற்றிச் செவுளை மறைத்துக்கொண்டு பூசைக்கு வரச் சொன்னார். அவன் மனைவி விஜிலா மீன் விற்கிறவள். செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்து மீனை எடுப்பது அவள் பழக்கம், புருஷனையும் அப்படித்தான் பார்த்தாள். விடிந்ததும் பெருவிரலால் அவன் செவுளைத் தூக்குவாள், சிவப்பாக இருந்தால் கடலுக்கு அனுப்புவாள். வேறு கொஞ்சல் அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் வருடம் அந்தச் சிவப்பு வெளிறியது. செவுளில் அரிசிக் குருணை மாதிரிப் புழுக்கள் கொக்கி போட்டுத் தொங்கி இரத்தம் குடித்தன. நாலு எட்டு நடந்தாலே அவனுக்கு மூச்சு வாங்கியது. மீன்வளக் கல்லூரியில் பாடம் நடத்துகிற காயல்பட்டினத்து ஜஹ்ரா வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு சாதி மீனுக்கும் அதற்கென்றே ஒரு தட்டைப்புழு உண்டு, இது இவருக்கென்றே வந்தது என்றாள்.

“பயப்படாதீங்க அக்கா. கழுத்த நல்ல தண்ணியில கொஞ்ச நேரம் நனைச்சு எடுங்க. கடல்புழு தாங்காது, உதிர்ந்துரும்.”

“நல்லா சொன்ன போ. பச்ச மீனுல நல்ல தண்ணி பட்டா கொழகொழன்னு போயிரும்மா. இங்கன யார்ட்ட வேணா கேளு,” என்றாள் விஜிலா.

கேட்கவே தேவையில்லை. விற்கும்வரை மீனைக் கடல் தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்று அந்தக் கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஊரே விஜிலா பக்கம் நின்றது. அவனைக் கழுத்துக்குக் கீழேதான் குளிப்பாட்டினாள், மழைக்குக் கழுத்தில் பிளாஸ்டிக் தாள் சுற்றிவிட்டாள், குடம் குடமாகக் கடல் தண்ணீர் சுமந்துவந்து செவுளைக் கழுவினாள். பாவம், அவ்வளவும் அன்புதான். புழுக்கள் செழித்தன. ஒருநாள் தேவபிரசாதமே கேட்டான்: “ஏளா, அந்தப் பிள்ள சொன்னதச் செஞ்சுதான் பாப்பமே.” சும்மா கிடங்க, கெட்டுப்போவீங்க என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் ஒரு காலை அவனுக்குக் கண் செருகியது. அப்போதுதான் பதறிப்போய், தெருக்குழாயில் ஒரு அண்டா தண்ணீர் பிடித்து வந்து கழுத்தில் ஊற்றினாள். புழுக்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. செவுள் கொழகொழத்துப் போகவில்லை, துடைத்து வைத்தது மாதிரி சுத்தமாக இருந்தது. ஆனால் வெள்ளையாக இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று விஜிலாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சவப்பெட்டியை மூடும்வரை பெருவிரலை அங்கிருந்து எடுக்கவில்லை. நானே கொன்னுட்டேனே என்று கல்லறைத் தோட்டம்வரை அழுதாள். அவள் மட்டுமா, ஊரும்தானே அன்று கூடச் சேர்ந்து தலையாட்டியது.

அடுத்த வருடம் பள்ளிக்கூடம் படிக்கிற மகள் ஜெயபிரியாவுக்குக் காதுக்குக் கீழே இரண்டு கோடு தெரிந்தது. தெருக்குழாயில் முதல் குடம் இப்போது ஜெயபிரியாவுக்குத்தான், வரிசையில் நிற்கிற பெண்கள் தாங்களாகவே விலகி வழிவிடுகிறார்கள். தினமும் காலையில் மகளைக் குனியவைத்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, செம்பு செம்பாக நல்ல தண்ணீர் ஊற்றுகிறாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய், விற்கிற மீனைக் கடல் தண்ணீரில் கழுவுகிறாள்.