ஒலிவாங்கி முன் ஒரு மன்னிப்பு

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் மனுரேவாப் புறநகரில் செல்வநாயகியை அறிந்தவர்கள் அவரைச் சாந்தமான பெண்மணி என்றே சொல்வார்கள். குரலை உயர்த்தி அவர் எவரோடும் பேசியதில்லை. ஆயினும் 1996ஆம் ஆண்டு தீபாவளி தொடங்கி மறு ஆண்டு சித்திரை வரையில் அவருடைய நெஞ்சில் ஒரேயொரு மனிதரின் பெயர்தான் கனன்றுகொண்டிருந்தது. திரு. விநாயகமூர்த்தி அவர்கள் தமிழர் மன்றத்தின் தலைவர். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

அந்தத் தீபாவளிக்குச் சில மாதங்கள் முன், செல்வநாயகியின் ஒரே மகன் ரஜிதனுடைய காரை அயலூரான பாபகூராவில் மறித்த பொலிசார், இருக்கைக்கு அடியிலிருந்து சிறு பொட்டலம் கஞ்சாவை எடுத்தார்கள். அந்தக் குற்றத்துக்கு மூன்று மாதச் சிறையோ அபராதமோ விதிக்கலாம். அதைவிடக் கொடியது, பெயரோடு ஒட்டிக்கொள்ளும் குற்றப்பதிவு. விமானம் பழுதுபார்க்கும் பட்டறையொன்றில் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்த பிள்ளை அவன். பதிவு விழுந்தால் அந்தக் கதவு திறவாது. நீதிபதி தாயையும் அழைத்துக் கேட்டார். இறுதியில் குற்றப்பதிவு இன்றியே ரஜிதனை விடுவித்தார். அவனுடைய பெயரை எவரும் வெளியிடலாகாது என்றும் கட்டளையிட்டார். அந்தக் கட்டளையைச் செல்வநாயகியின் காதருகே குனிந்து தமிழில் சொன்னவர் வேறு யாருமல்லர், விநாயகமூர்த்தி அவர்களேதாம். செல்வநாயகி அன்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதே வாய், தீபாவளி விழா மேடையில், வழிதவறும் இளைஞரைப் பற்றி முழங்கியபோது ரஜிதனை உதாரணம் காட்டியது. தந்தை பெயரையும் தெருவின் பெயரையும்கூட விடவில்லை. மண்டபத்தில் இருந்த ஒருவர் அதே பட்டறையில் வேலை செய்தார். அடுத்த கிழமையே பயிற்சி இடம் பறிபோயிற்று.

செல்வநாயகி பொலிசில் முறையிட்டார். ஆனால் மண்டபம் நிறைந்திருந்த சனத்தில் ஒருவருக்கும் காது கேட்டிருக்கவில்லை. விழாவின் வீடியோ நாடாவில் அந்தப் பேச்சு இருந்த இடத்தில் சினிமாப் பாட்டொன்று ஓடியது. வீடியோ எடுத்தவர் தலைவரின் மருமகன். சட்ட உதவி வழக்கறிஞர் மிகுந்த வருத்தத்தோடு கையை விரித்தார். "கட்டளை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அவர் மறுபடி சொன்னால், ஆதாரத்தோடு வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

பொலிசுக்குப் போன செய்தி எட்டியதும், மாசி மாதத்தில் ஒருநாள், விநாயகமூர்த்தி அவர்கள் ஒரு பை தோடம்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். செல்வநாயகி உபசரித்துத் தேநீர் கொடுத்தார்.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. நான் கெட்டது நினைச்சுச் சொல்லேல்லை. மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"இஞ்சை எனக்கு முன்னாலை கேட்டு என்ன அண்ணை? சனத்துக்கு முன்னாலை சொன்னதைச் சனத்துக்கு முன்னாலைதான் திருப்பி எடுக்கோணும். வருசப்பிறப்பு விழாவிலை மைக்கிலை கேளுங்கோ."

ஒலிவாங்கி என்றதும் அவருடைய முகம் தெளிந்தது. கொடுத்த ஒலிவாங்கியைப் பிறர் கேட்காமல் திருப்பித் தந்த வழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

"கேக்கிறன். வடிவாக் கேக்கிறன். பெயரைச் சொல்லவோ, விடவோ?"

அந்தக் கணத்தில் அவரைக் காப்பாற்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. செல்வநாயகி தேநீர்க் கோப்பையை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்களுக்குத் தெரியாத சட்டமே அண்ணை?"

"சட்டம் வெள்ளைக்காரன்ரை பேப்பருக்கும் டிவிக்கும்தான் தங்கச்சி. நாங்கள் எங்கடை சனத்துக்குள்ளை, தமிழிலை, அதுவும் நல்லதுக்குக் கதைக்கிறதை ஆர் கேக்கப் போறான்?" என்று அவர் சிரித்தார். செல்வநாயகியும் சிரித்தார்.

பக்கத்து வீட்டில் சென்னையிலிருந்து வந்த பாக்யலட்சுமி என்பவர் இருந்தார். அவரிடம் ஒரு சிறிய வீடியோ கமரா இருந்தது.

"நான் எதுக்குக்கா எடுக்கணும்? மன்றத்துலயே ஆள் இருக்காரே."

"அந்தக் கமரா வேண்டாத இடத்திலை கண்ணை மூடுற கமரா, பாக்கியம். உம்மடை மகள் ஆடுறதை நீர்தானே வடிவா எடுப்பீர்? அப்பிடியே தலைவற்றை பேச்சையும் எடும்."

"ஆமா, அதுவும் சரிதான். ஆனா அவர் பேச்சுக்கு டேப் பத்தாதே."

"ரெண்டு வாங்கித் தாறன்."

மேடையில் மன்னிப்புக் கேட்பதை எதிர்த்தவன் ரஜிதன் ஒருவனே. "அம்மா, ஜஸ்ட் லீவ் இட். மறந்த ஆக்களுக்கு ஏன் திருப்பி ஞாபகப்படுத்துறீங்க? அது மை நேம்."

"உன்ரை பெயரை அவர் ஏற்கெனவே வித்துப்போட்டார். நான் மிச்சத்துக்கு விலை கேக்கிறன்" என்றார் தாய். பொங்கல் பானை பாரமாயிருக்கிறது, தூக்கிவர ஆள் வேண்டும் என்று சொல்லி அவனையும் விழாவுக்கு அழைத்துப் போனார்.

விநாயகமூர்த்தி அவர்கள் பட்டுச் சால்வையோடு மேடையேறினார். அன்று அவருடைய தமிழ் ஆறாகப் பெருகியது. "சபையோரே, சென்ற தீபாவளித் திருநாளில், செல்வநாயகி அம்மையாரின் மைந்தன் ரஜிதன் கஞ்சா வழக்கில் நீதிமன்றம் ஏறியதை நான் இம்மேடையில் எடுத்துரைத்தது பெரும் பிழை. தம்பி ரஜிதன், எங்கை இருக்கிறீர்? எழும்பி நில்லும், சபை உம்மைப் பார்க்கட்டும்."

எல்லாத் தலைகளும் திரும்பின. ரஜிதன் கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போனான். கைதட்டல் அவன் முதுகுக்குப் பின்னால் எழுந்தது. செல்வநாயகி அவனைத் தொடர்ந்து போகவில்லை. பாக்யலட்சுமியின் கமராவில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது.

செல்வநாயகி அந்த நாடாவைப் பொலிசில் கொடுத்தார்; வழக்கு குளிர்காலத்தில் எடுக்கப்பட்டது. வேறு நகரத்திலிருந்து வரவழைக்கப்பட்ட இளம் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், மன்னிப்பு உரை முழுவதையும் வரி பிசகாமல் ஆங்கிலத்தில் வாசித்தார். சால்வையும் சபையோரும் இல்லாத அந்த அறையில் அது மிகச் சிறியதாக ஒலித்தது. குற்றப்பதிவு இன்றி விடுவிக்குமாறு விநாயகமூர்த்தி அவர்களின் வழக்கறிஞர் பணிவோடு வேண்டினார். கட்டளையைத் தம் வாயாலேயே தாயாருக்குச் சொன்னவர், அதை அறியாதவர் ஆகமாட்டார் என்று நீதிபதி மறுத்துவிட்டார். அபராதம் ஒரு பொருட்டல்ல. குற்றப்பதிவு விழுந்தது, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து அவருடைய பெயர் நீங்கியது.

வெளியே படிக்கட்டில் அவர் செல்வநாயகியை வழிமறித்தார்.

"நான் மன்னிப்புத்தானே தங்கச்சி கேட்டனான்."

"ஓம் அண்ணை. வடிவாக் கேட்டியள்."

"அப்ப ஏன்?"

"கேளுங்கோ எண்டுதான் சொன்னனான். தருவன் எண்டு ஒரு நாளும் சொல்லேல்லையே."

தெருவோரத்தில் ரஜிதன் காரை நிறுத்திக் காத்திருந்தான். பட்டறைக் கதவு திறக்கவில்லை. இப்போது அவன் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறான்.

"அவற்றை பெயரிலை பதிஞ்சாச்சு" என்றார் தாய், இருக்கைப் பட்டியை இழுத்துப் பூட்டியபடி.

"உள்ள மை நேம் சொன்னாங்களா?"

"சொன்னவை. சொல்லாமல் எப்பிடி?"

அவன் காரை எடுத்தான். அவனுடைய முகத்தைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். செல்வநாயகி பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியில், மழையில் குடையின்றி நின்ற விநாயகமூர்த்தி அவர்கள் தெருமுனை மறைக்கும்வரை தெரிந்தார். அதுவரை செல்வநாயகி அந்தக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.